தானே தட்டு மாற்றும் கிராமபோன்

மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாள்கள் தயங்கினேன். கல்லூரியின் வரலாற்றையும் அதனை வளர்த்த பெரியார்களையும் பற்றி எழுதத் தக்கவர் பலர் உளர். நான் ஆயுட்காலம் முழுவதும் பொறிகளோடு பழகியவன். ஆதலால், இக்கல்லூரியிற் பயின்ற காலத்தில் என் மனத்தைப் பொறியியலின்பால் ஈர்த்த ஒரு பொறியைப் பற்றியே எழுதலாம் என்று துணிந்தேன். அஃது இன்று வழக்கொழிந்துவிட்டது. ஓர் இசைத்தட்டு முடிந்ததும், மனிதக் கை படாமலே அடுத்த தட்டைத் தானே இறக்கி இசைக்கத் தொடங்கும் கிராமபோனே அது.

1960ஆம் ஆண்டளவில் நான் விடுதி மாணவனாக இருந்தேன். எமது ஆசிரியர் ஒருவர் வீட்டில் றேடியோகிராம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எம்மிற் சிலரை அழைத்து இசை கேட்கச் செய்வது அவர் வழக்கம். நாகசுரமும் வாய்ப்பாட்டும் கேட்போம். சில வேளைகளில் மேனாட்டு இசையும் உண்டு. ஒருநாள் பீதோவனின் ஐந்தாவது சிம்பொனி அடங்கிய தொகுதி ஒன்றை என் கையிலே தந்து, தட்டுகளை எடுத்து வைக்கும்படி பணித்தார். நான்கு தட்டுகள், எட்டுப் பக்கங்கள். முதற் தட்டின் ஒரு பக்கத்தில் 1 என்று இருந்தது. திருப்பிப் பார்த்தால் 2 இல்லை, 8 இருந்தது. அடுத்த தட்டில் 2உம் 7உம். அதற்கடுத்ததில் 3உம் 6உம். கடைசித் தட்டில் 4உம் 5உம். "ஐயா, இஃது அச்சுப் பிழை" என்றேன். அவர் சிரித்து, "பிழை என்றால் எட்டு இடத்தில் ஒழுங்காகப் பிழை விடுவானா? காரணத்தை நீயே கண்டுபிடித்து வந்து சொல்" என்றார். அக்காரணத்தைக் கண்டறிய எனக்கு மூன்று வாரம் சென்றது. வாசகர் அதனைச் சில நிமிடங்களில் அறிந்துகொள்ளலாம். ஆயினும் அதற்கு முன் பொறியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

மூன்று நிமிட இசை

எடிசன் 1877ஆம் ஆண்டில் ஆக்கிய போனோகிராப் ஒலியை உருளையிற் பதித்தது. அமெரிக்காவிற் குடியேறிய ஜேர்மானியரான எமில் பேர்ளினர் என்பார் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத் தட்டைக் கையாண்டு, 1887ஆம் ஆண்டில் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். தட்டை அச்சிற் பிழிந்து ஆயிரக்கணக்கிற் பெருக்கலாம் என்பதே அதன் பெருஞ் சிறப்பு. அதன் பெருங்குறை நேரக் குறைவாகும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். பன்னிரண்டு அங்குலத் தட்டு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். அதற்குள் எது முடியுமோ அதுவே தட்டில் ஏறிற்று. எம் வித்துவான்கள் மேடையில் ஒரு மணி நேரம் விரித்துப் பாடும் இராகத்தைத் தட்டுக்காக மூன்று நிமிடத்துட் சுருக்கிப் பாடிய கதையை இசையன்பர் அறிவர்.

சுருக்க இயலாதவற்றை என் செய்வது? துண்டு துண்டாக வெட்டிப் பல பக்கங்களிற் பதிப்பதன்றி வேறு வழி இல்லை. ஒடியன் நிறுவனம் 1909ஆம் ஆண்டில் சைக்கோவ்ஸ்கியின் இசைக்கோவை ஒன்றை நான்கு தட்டுகளில் வெளியிட்டது. 1913ஆம் ஆண்டு நவம்பரில் ஆர்தர் நிக்கிஷ் பேர்ளின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு பீதோவனின் ஐந்தாவது சிம்பொனியைப் பதிவு செய்தபோது அஃது எட்டுப் பக்கங்களிற் பரந்தது. இத்தகைய தட்டுகளைக் கடதாசி உறைகளில் இட்டுப் புத்தகம்போற் கட்டி விற்றனர். பிற்காலத்தில் ஒரே தட்டில் அடங்கிய பாட்டுத் தொகுதியையும் 'அல்பம்' என்று வழங்கியது இப் புத்தகக் கட்டின் நினைவாகவேயாம். தமிழிலும் நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாக வெளிவந்து, ஊர் கூடிக் கேட்கும் பொருளாக விளங்கின.

ஆனாற் கேட்பவர் பாடு எளிதன்று. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பி, சாவி கொடுத்து, உருக்கு ஊசியாயின் அதனையும் மாற்றி, மீண்டும் இருக்கையில் அமர்வதற்குள் இசையின் இழை அறுந்துவிடும். தட்டு மாற்றும் பொறி பிறந்தது இந்த அறுந்த இழையை ஒட்டுவதற்கேயாகும்.

முன்னோடிகள்

இம் முயற்சி முதலிற் பயன்பட்டது வீட்டிலன்று, கடைத்தெருவிலேயே. சிக்காகோ நகரில் ஜோன் கேபல் என்பார் 1906ஆம் ஆண்டளவிற் காசு போட்டால் இசைக்கும் பொறி ஒன்றை வெளியிட்டார். 24 தட்டுகளுள் வேண்டியதைத் தெரிந்து கொள்ளலாம். கைப்பிடியைச் சுழற்றினால் தட்டு மாறும், ஊசியும் மாறும். அக்காலத்து உருக்கு ஊசி ஒரு பக்கம் ஓடியதும் தேய்ந்துவிடும் ஆதலால், ஊசி மாற்றும் வேலையையும் பொறியே ஏற்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குரிய பொறியை முதன்முதலிற் சிந்தித்தவர் எரிக் வாட்டர்வேர்த் என்னும் இளைஞர். அவர் அவுஸ்திரேலியாவின் தென்கோடியிலுள்ள தஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரில் வாழ்ந்தவர். 1925ஆம் ஆண்டில் தம் கருத்தைப் பொறியாக உருவாக்கி, தந்தையாரோடு சிட்னிக்கு எடுத்துச் சென்றார். அங்கே ஒரு நிறுவனம் அதனைத் தன் கிராமபோனிற் பொருத்த இசைந்தது. 1927ஆம் ஆண்டுச் சிட்னி ஈஸ்டர்க் கண்காட்சியில் மக்கள் அதனைக் கண்டு வியந்தனர். ஆயினும் பொறி விற்பனைக்கு வருமுன்னரே அந்நிறுவனம் முறிந்தது. தந்தையும் மகனும் மனந்தளராது 1928ஆம் ஆண்டில் இலண்டன் சென்று, தம் உரிமையை வேறொரு நிறுவனத்துக்கு விற்றனர்.

வாட்டர்வேர்த் அமைத்த மாதிரிகள் மூன்று. முதலாவது சிட்னியில் தங்கிற்று. இரண்டாவது இலண்டன் சென்றது; அதன் பின் அதனைப் பற்றிய செய்தி இல்லை. மூன்றாவது முற்றாகப் பொருத்தப்படாமலே ஹோபார்ட்டில் அவர் வீட்டின் அடியில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் துண்டுகளாகக் கிடந்தது. அவர் இறந்த பின்னர்க் குடும்பத்தார் அவற்றைக் கண்டெடுத்து, தஸ்மேனியாவின் ஒலிப் பேணற் சங்கத்துக்கு அளித்தனர். அச்சங்கத்தார் துண்டுகளைச் சேர்த்து, இல்லாத உறுப்புகளைச் செய்து, அப்பொறியை இயங்கச் செய்தனர்.

கண்டுபிடித்தவர் கடல் கடந்து அலைந்துகொண்டிருந்தபோதே, அமெரிக்காவில் விக்டர் நிறுவனம் 1927ஆம் ஆண்டிற் 'ஓட்டோமற்றிக் ஓர்தொபோனிக்' என்னும் பொறியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. வணிகத்தில் முதன்முதல் வெற்றி கண்ட தட்டு மாற்றி இதுவே. பன்னிரண்டு தட்டுகளை ஒருங்கே வைத்தால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் எழவேண்டியதில்லை. தட்டுகளைத் தாங்கும் இடம் ஒருபுறம். ஓடி முடிந்த தட்டை வளையம் போன்ற ஒரு கை தூக்கிச் சரித்து, கம்பளித் துணி விரித்த பெட்டியில் விழச் செய்யும். சாவி கொடுக்கும் வில்லுக்கு இவ்வளவு வேலையையும் தாங்கும் வலு இல்லை ஆதலால் மின்மோட்டர் பயன்பட்டது. ஒரே ஊசி பல பக்கங்கள் ஓடவேண்டியிருந்தமையால் உருக்கு ஊசிக்குப் பதிலாகத் தங்ஸ்தன் முனை கொண்ட ஊசியை இட்டனர்.

இதனினும் ஒருபடி மேலே சென்றது கேப்ஹார்ட் நிறுவனத்தின் பொறி. ஒரு பக்கம் முடிந்ததும் தட்டைத் தூக்கி, குப்புறத் திருப்பி, மறுபக்கத்தையும் இசைத்த பின்னரே அது தட்டை அகற்றும். செல்வர் வீடுகளில் அஃது ஓர் அதிசயப் பொருளாக நின்றது. அந்நிறுவனத்தை நிறுவிய ஹோமர் கேப்ஹார்ட் பின்னாளில் அமெரிக்கச் செனற் சபையில் 1945 முதல் 1963 வரை உறுப்பினராக இருந்தார்.

ஆயினும் இவையெல்லாம் பாரமானவை, விலை மிக்கவை. தட்டைத் தூக்கி அகற்றும் வேலையை விட்டுவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக விழவிடுவோம் என்று கருதிய பின்னரே தட்டு மாற்றி எளிய பொறியாயிற்று. 1930களில் இங்கிலாந்தின் சுவிண்டன் நகரிலுள்ள கராட் நிறுவனமும் பிறவும் இவ்வகையைப் பெருக்கின. 1950களில் பேர்மிங்காம் பகுதியின் பி.எஸ்.ஆர். நிறுவனம் அதனை மலிவாக்கி உலகெங்கும் அனுப்பிற்று. எம் ஆசிரியர் வீட்டில் இருந்ததும் இவ்வகையே.

பொறி இயங்கும் விதம்

தட்டு மாற்றுவோர் செய்யும் வேலையை எண்ணிப் பாருங்கள். தட்டு முடிந்தது என்று அறிதல் ஒன்று. ஊசிக்கையைத் தூக்கி ஒதுக்குதல் இரண்டு. அடுத்த தட்டை வைத்தல் மூன்று. அது பெரிதா சிறிதா என்று கண்டு அதன் விளிம்பில் ஊசியை மெதுவாக இறக்குதல் நான்கு. தட்டுகள் தீர்ந்தனவாயின் பொறியை நிறுத்துதல் ஐந்து. கண்ணும் அறிவும் உடைய நாம் இவற்றை எண்ணாமலே செய்கிறோம். கண்ணும் அறிவும் இல்லாத இரும்பு இவற்றை எவ்வாறு செய்கிறது என்பதே இதன் சுவை. அக்காலத்து மாற்றிகளில் மின்னணுப் பொருள் எதுவும் இல்லை. நெம்பு, வில், பற்சில்லு என்பனவே இருந்தன.

முதலில், தட்டு முடிந்ததை அறிவது எப்படி? பழைய தட்டுகளில் இசை முடிந்த இடத்தில் வரிப்பள்ளமும் முடிந்துவிடும். அதுவும் ஒவ்வொரு தட்டில் ஒவ்வோரிடத்தில். ஆதலால் ஊசி இன்ன இடத்துக்கு வந்தால் மாற்று என்று பொறிக்குச் சொல்ல இயலாது. இதற்காகத் தட்டுச் செய்வோரும் வழிக்கு வந்தனர். இசை முடிந்தபின் ஊசியை விரைந்து உள்ளே இழுத்துச் செல்லும் அகன்ற பள்ளம் ஒன்றை வெட்டலாயினர். இசை ஓடும்போது ஊசி ஒரு சுற்றுக்கு ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர் மட்டுமே உள்நோக்கி நகரும். அகன்ற பள்ளத்திலோ ஒரே சுற்றிற் பல மடங்கு தூரம் பாயும். எனவே பொறி கவனிக்க வேண்டியது ஊசி எங்கே நிற்கிறது என்பதையன்று, எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதையே.

அதனைக் கவனிப்பது ஒரு சிறு நாக்கு. ஊசிக்கை உள்நோக்கி நகருந்தோறும், உராய்வின் பிடியால் இந்த நாக்கும் மெல்ல முன்னே நகரும். சுழல்மேடையின் அடியில் ஒரு சிறு முனை உண்டு. அது ஒவ்வொரு சுற்றிலும் வந்து நாக்கை இலேசாகத் தட்டிப் பின்னே தள்ளிவிடும். இசை ஓடும்வரை, நாக்கு முன்னேறும் அளவும் தள்ளப்படும் அளவும் ஒத்திருக்கும்; ஒன்றும் நிகழாது. அகன்ற பள்ளத்தில் ஊசி பாயும்போது, ஒரே சுற்றில் நாக்கு வெகுதூரம் முன்னேறிவிடும். இம்முறை வரும் முனை அதனைத் தட்டிவிட்டுச் செல்ல இயலாது. அதனோடு பொருதி மாட்டிக்கொள்ளும். மாட்டியதும் பக்கத்திலுள்ள பெரிய பற்சில்லைச் சிறிதளவு திருப்பும்.

இப் பெரிய பற்சில்லே பொறியின் உயிர்நிலை. சுழல்மேடையின் அச்சிலே சிறு பற்சில்லு ஒன்று எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும். பெரிய சில்லு அதன் அருகிலேயே இருப்பினும், ஓரிடத்தில் அதற்குப் பற்கள் இல்லை. அவ்விடைவெளி சிறு சில்லுக்கு நேரே நிற்கும்வரை இரண்டும் தொடுவதில்லை. நாக்கு சிறிது திருப்பியதும் இடைவெளி விலகி, பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பின்னர் மோட்டரின் வலுவாற் பெரிய சில்லு முழுச்சுற்று ஒன்று சுற்றி வரும். சுற்று முடிந்ததும் பழைய இடைவெளி மீண்டும் நேரே வந்து நிற்க, தொடர்பு தானே அறும். எத்தனை முறை மாற்றினாலும் ஒரு சுற்றுக்கு மேற் செல்லாது. யாரும் நிறுத்தவும் வேண்டியதில்லை.

அந்த ஒரு சுற்றினுள் ஏனைய வேலைகள் யாவும் நிகழும். பெரிய சில்லின் முகத்தில் வளைந்து வளைந்து செல்லும் பள்ளம் ஒன்று வெட்டப்பட்டிருக்கும். நெம்புகளின் முனைகள் அப்பள்ளத்தில் ஓடும். பள்ளம் வெளியே விலகும் இடத்தில் ஊசிக்கை வெளியே செல்லும். உள்ளே வளையும் இடத்தில் உள்ளே வரும். மேடு வருமிடத்தில் உயரும். மேடு முடியுமிடத்தில் இறங்கும். எப்போது எது நிகழ வேண்டும் என்பதையெல்லாம் பொறியாளன் அவ்வுலோகத்தின் வடிவிலேயே எழுதிவைத்துவிட்டான்.

ஊசிக்கை ஒதுங்கிய வேளையில் தட்டு விழும். தட்டுகள் உயரமான நடுத்தண்டிற் கோக்கப்பட்டு அடுக்காக நிற்கும். 1930களிற் சில பொறிகளில் விளிம்பைத் தாங்கும் தூண்களும், அடித்தட்டுக்கும் அதற்கு மேலுள்ளதற்கும் இடையே நுழையும் கத்திபோன்ற தகடுகளும் இருந்தன. தட்டுகளின் தடிப்புச் சிறிது வேறுபட்டாலும் கத்தி விளிம்பைச் சிதைத்துவிடும். பின்னர் வந்த முறை நயமானது. நடுத்தண்டை ஓரிடத்திற் சற்றே ஒருபுறம் விலக்கிப் படி ஒன்று அமைத்தனர். அடுக்கு அப்படியின்மேல் அமர்ந்திருக்கும். உரிய வேளையில் ஒரு சிறு தள்ளி அடித்தட்டை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தும். அத்தள்ளியின் உயரம் ஒரு தட்டின் தடிப்பினும் குறைவு. ஆதலால் இரண்டாவது தட்டை அது தீண்டாது. நகர்ந்த தட்டின் துளை தண்டின் கீழ்ப்பகுதிக்கு நேரே வந்ததும், தட்டு மெல்ல வழுகி இறங்கும். விழும் தட்டுக்கும் அதன் கீழ் உள்ளதற்கும் இடையே அடைபட்ட காற்று வீழ்ச்சியின் வேகத்தைத் தணிக்கும்.

விழும் தட்டின் வழியில் ஓர் உணர்நெம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு அங்குலத் தட்டாயின் அதன் விளிம்பு அந்நெம்பில் இடித்துச் செல்லும். பத்து அங்குலத் தட்டாயின் தீண்டாமற் செல்லும். இடித்தால் ஊசிக்கை வெளிவிளிம்பில் இறங்கும். இடிக்காவிடின் இன்னும் உள்ளே வந்து இறங்கும். அடுக்கின்மேல் ஒரு கை சாய்ந்து தட்டுகளை அழுத்திக்கொண்டிருக்கும். கடைசித் தட்டும் விழுந்ததும் தாங்குவார் இன்றி அக்கை கீழே தாழும். அத்தாழ்வே 'இனித் தட்டு இல்லை' என்னும் செய்தி. அடுத்த முறை பொறி ஊசிக்கையை அதன் இருப்பிடத்தில் வைத்துவிட்டுத் தன்னையும் நிறுத்திக்கொள்ளும்.

எட்டாம் பக்கத்தின் மருமம்

இனி எம் ஆசிரியர் தந்த புதிருக்கு வருவோம். தட்டை விழவிடும் பொறி அதனைத் திருப்ப அறியாது. ஆகவே ஒவ்வொரு தட்டிலும் மேலே இருக்கும் பக்கத்தை மட்டுமே அது இசைக்கும். சாதாரணமாக 1, 2 என்று முதற் தட்டின் இரு பக்கங்களையும் எண்ணியிருந்தால், பொறி 1, 3, 5, 7 என்று இசைத்துச் சிம்பொனியைக் குழப்பிவிடும். ஆதலால் 1, 2, 3, 4 ஆகியவற்றை நான்கு தட்டுகளின் ஒரு முகங்களிற் பதித்தனர்.

இப்போது முதற் தட்டு அடுக்கின் அடியில் இருக்கட்டும். அதுவே முதலில் விழும். அதன்மேல் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நான்கும் ஓடி முடிந்தபின் சுழல்மேடையிற் கிடக்கும் அடுக்கில், முதற் தட்டு அடியிலும் நான்காவது உச்சியிலும் இருக்கும். முழு அடுக்கையும் ஒரே கைப்பிடியில் எடுத்து, அப்படியே குப்புறத் திருப்பி, மீண்டும் தண்டிற் கோத்தால், நான்காவது தட்டு அடிக்கு வந்துவிடும். அதுவே முதலில் விழும். ஆகவே நான்காவதன் மறுமுகத்தில் 5, மூன்றாவதில் 6, இரண்டாவதில் 7, முதலாவதில் 8. கேட்பவர் ஏழு முறை எழுவதற்குப் பதிலாக ஒரே ஒருமுறை எழுந்தாற் போதும்.

முடிந்த தட்டைப் பெட்டியில் ஒதுக்கும் பொறிகளுள், அடுக்கின் மேலிருந்து தட்டை எடுப்பன உண்டு. அவற்றுக்கு இவ்வெண் பொருந்தாது. அவற்றுக்கென 1உம் 5உம், 2உம் 6உம், 3உம் 7உம், 4உம் 8உம் எனத் தனி வரிசை வெளியிட்டனர். கையால் மாற்றுவோருக்குப் பழைய 1உம் 2உம் வரிசை. இவ்வாறு ஒரே இசைத் தொகுதி மூன்று விதமாக விற்கப்பட்ட காலமும் உண்டு. நீண்ட நேரத் தட்டுகள் வந்த பின்னரும் பல தொகுதிகளில் 1உம் 4உம், 2உம் 3உம் என்ற வரிசை நிலைத்தது. பழைய தொகுதி ஒன்றைக் கையில் எடுக்கும் மாணவர் இவ்வெண்களைக் கண்டால் நான் எண்ணியதுபோற் பிழை என்று எண்ணவேண்டாம்.

நான் இட்ட எண்ணெய்

விடையைச் சொன்ன அன்று ஆசிரியர் மகிழ்ந்து, பொறியின் அடிப்பகுதியைக் கழற்றிக் காட்டினார். அதன் பின் நானே அதற்குக் காவலன் என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த வாரம் அவர் இல்லாத வேளையில், பொறி நலம் பெறட்டும் என்று கருதி, தையல் இயந்திர எண்ணெயைக் கண்ட இடமெல்லாம் விட்டேன். அன்று மாலை விருந்தினர் வந்திருந்தனர். முதற் தட்டு ஓடி முடிந்தது, ஊசி உட்பள்ளத்திற் கிரீச், கிரீச் என்று சுற்றிக்கொண்டே இருந்தது, தட்டு மாறவில்லை. எல்லோரும் பொறியை நோக்கினர். ஆசிரியர் என்னை நோக்கினார். நான் தலை குனிந்தேன்.

அவர் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. விருந்தினர் சென்றபின், "அந்த நாக்கை ஊசிக்கையோடு நகர்த்துவது எது?" என்று கேட்டார். "உராய்வு" என்றேன். "உராய்வுக்கு எண்ணெய் விட்டால்?" என்றார். பின்னர் ஒரு சிறு கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் துணியும் தந்தார். நாக்கையும் அதன் இருப்பிடத்தையும் துடைத்து உலர்த்தி, ஒவ்வோர் உறுப்பின் வேலையையும் வாயாற் சொல்லிக்கொண்டே மீண்டும் பூட்டும்படி பணித்தார். இரவு பத்து மணிக்குத் தட்டு மாறிற்று. எங்கே எண்ணெய் வேண்டும் என்பதிலும் எங்கே வேண்டாம் என்பதை அறிவதே அரிது என்று அன்று கற்றேன். பிற்காலத்தில் எத்தனையோ பெரிய பொறிகளின் முன் நின்றபோதும் அப்பாடம் எனக்கு உதவிற்று.

பழைய பொறிகளைத் திருத்த விரும்பும் இளைஞருக்கும் இதனையே கூறுவேன். பல்லாண்டு கிடந்த தட்டு மாற்றிகள் இயங்காமைக்குப் பெரும்பாலும் காரணம் உறுப்பு உடைந்தமையன்று. பழைய கிறீஸ் இறுகிப் பசையானமையே. முதலிற் கழற்றித் துப்புரவு செய்க. உடைந்தது என்று எறிவதைப் பின்னர் எண்ணுக.

மறைந்த விதம்

தட்டு மாற்றிக்குக் குறைகளும் இருந்தன. அக்காலத் தட்டு அரக்கும் கற்பொடியும் கரியும் கலந்து பிழியப்பட்டது. அவ்வரக்குப் பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து உலகெங்கும் சென்றது. 1908ஆம் ஆண்டு முதற் கல்கத்தாவிலேயே தட்டுகள் அச்சிடப்பட்டன. அரக்குத் தட்டு கடினமானது, ஆயின் நொருங்குவது. பொறி சற்றே பிசகினால் விளிம்பு உடையும். அடுக்கு உயர உயர ஊசி தட்டைத் தொடும் சாய்வும் மாறும். மேலே விழுந்த தட்டு கீழே உள்ளதன்மீது வழுகிச் சுருதி தளர்வதும் உண்டு. நுட்பமாக இசை கேட்போர் இவற்றைப் பொறுக்கவில்லை.

1948ஆம் ஆண்டிற் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்துமூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றும் நீண்ட நேரத் தட்டை வெளியிட்டது. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடிற்று. பல பக்கங்களிற் சிதறிய சிம்பொனி ஒரே தட்டில் அடங்கிற்று. மறு ஆண்டில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் வேறு வழியை நாடிற்று: தட்டை நீட்டாது, மாற்றியை விரைவாக்கிற்று. 45 சுற்றுத் தட்டின் நடுத்துளை ஒன்றரை அங்குலம் அகன்றது. அதற்கேற்பத் தடித்த நடுத்தண்டினுள்ளேயே தட்டைப் பிரித்து இறக்கும் உறுப்புகள் அடங்கின. தட்டின் நடுப்பகுதியைத் தடிப்பாக்கி, பிரிக்கும் தகடுகள் நுழைய இடமும் வைத்தனர். பெருந்துளைத் தட்டு ஏன் அவ்வாறு அமைந்தது என்று வியந்தவர்க்கு விடை இதுவே: அது தட்டு மாற்றிக்கென்றே பிறந்த தட்டு.

ஈற்றில் நீண்ட நேரத் தட்டு பேரிசைக்கும், சிறு தட்டு தனிப்பாட்டுக்கும் உரியனவாயின. 1963ஆம் ஆண்டில் ஒலிப்பேழையும், 1982ஆம் ஆண்டிற் குறுந்தட்டும் வந்தன. 1980களில் தட்டு மாற்றி கடைகளிலிருந்து மறைந்தது. இன்று கைப்பேசியில் ஆயிரம் பாட்டுகள் இடையறாது ஓடுகின்றன; ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதை எவரும் கவனிப்பதும் இல்லை.

அதனைக் குறையென்று சொல்லேன். அந்த இடையறாமையைத்தானே வாட்டர்வேர்த்தும் விக்டர் நிறுவனத்தாரும் தேடினர். ஆனால் இன்றைய கருவி தன் வேலையைத் திறந்து காட்டுவதில்லை. தட்டு மாற்றியோ மூடியைத் திறந்தால் தன் எண்ணம் அனைத்தையும் காட்டிற்று. ஏன் நின்றது, எங்கே பிழைத்தது என்று ஒரு பதினெட்டு வயதுப் பையன் இரவு பத்து மணிக்குள் கண்டுகொள்ள முடிந்தது. இன்று எமது கல்லூரியிற் பயிலும் மாணவர் எத்துறையைக் கற்பினும், ஏதேனும் ஒரு பொறியையாவது கழற்றி, அதன் ஒவ்வோர் உறுப்பின் வேலையையும் வாயாற் சொல்லிக்கொண்டே மீண்டும் பூட்டிப் பார்த்தல் வேண்டும். அருகே நின்று கேள்வி கேட்கும் ஆசிரியர் ஒருவர் வாய்த்தால் அதுவே பெரும் பேறு. எனக்கு அப்பேறு இக்கல்லூரியில் வாய்த்தது. அந்நன்றியைச் சொல்லவே இதனை எழுதினேன்.